பேரும் ஊரும் சொல்லும் குரல்கள்

(நெமிலியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை என்று ஒரு பாடகர் இருந்தார். 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தவர். தாளக் கட்டில் அவரோடு மோத அந்தக் காலத்து வித்வான்களே யோசித்திருக்கிறார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியக்காரர்களை வரிசையாக உட்கார வைத்துக்கொண்டு பல்லவி பாடுவார். நெமிலியில் பஸ் ஏறினால் எட்டிப் பிடித்துவிடும் தூரத்தில்தான் அவர் ஊர். அவர் புகழோடு இருந்த காலத்தில் இசைத்தட்டு வியாபாரமும் சென்னையில் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் அவர் தட்டுக்குப் பாட மறுத்துவிட்டார். அவர் குரல் இன்று எங்கேயும் இல்லை. கேட்டவர்கள் சொன்னதும் எழுதியதும் மட்டுமே இருக்கிறது.

அதே காஞ்சிபுரத்தில், தாமல் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட வீட்டில், 1919-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாமல் உங்களுக்குத் தெரிந்த ஊர், பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தினமும் பார்க்கும் ஊர். அந்தக் குழந்தைதான் டி.கே. பட்டம்மாள். பெயருக்கு முன்னால் நிற்கும் முதல் எழுத்தே தாமல்தான். சிறுமியாக நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். பெண்கள் பல்லவி பாடுவது அபூர்வமாக இருந்த காலத்தில் மேடையில் பல்லவி பாடி நிலைநாட்டியவர். அவர் குரல் தட்டாகவும், வானொலிப் பதிவாகவும், கேசட்டாகவும் நம்மிடம் இருக்கிறது. பட்டம்மாள் பல்லவி பாடும் பழைய பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம், அந்தக் கணக்கில் எவ்வளவு நயினாப் பிள்ளையுடையது என்று நான் தேடுவதுண்டு. ஒரு வம்சத்தின் சாயலைப் பேத்தி முகத்தில் தேடுகிற மாதிரியான வேலை அது. சாயல் தெரிகிறது, முகம் தெரிவதில்லை.

வரலாறு என்றால் கல்வெட்டு, செப்பேடு, ஓலை, அரசாங்கக் கோப்பு என்று நமக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். அவை எல்லாமே எழுத்து. எழுதத் தெரிந்தவர் எழுதினார், எழுத வைக்க முடிந்தவர் எழுத வைத்தார். ஒலிப்பதிவு வந்து ஏறத்தாழ 150 ஆண்டு ஆகப் போகிறது. 1877-ல் எடிசன் அந்தக் கருவியைச் செய்துகாட்டினார். எழுதத் தெரியாதவருடைய குரலும் வரலாற்றுக்குள் நுழைய முதன்முதலாக வழி திறந்தது அப்போதுதான். பாரதியார் 1921-ல் காலமானார். அதற்குள் சென்னையில் இசைத்தட்டுப் பதிவு நன்றாக வேரூன்றியிருந்தது. இருந்தும் பாரதி குரல் நமக்கு இல்லை. அவர் பாட்டுகளின் ஒலி உரிமை மட்டும் தனிச் சரக்காகக் கைமாறி, கடைசியில் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் வந்து, 1949-ல் அரசுடைமையானது. பாட்டுக்கு உரிமை கொண்டாட ஆள் இருந்தார்கள். பாடியவனுடைய குரலை ஒரு தட்டில் பிடித்துவைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கு என் பேச்சு முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும். பதிவில் குரல் இருந்தால் மட்டும் போதாது. அது யாருடைய குரல், எந்த ஊர், எந்த வருஷம் என்பது அதோடு சேர்ந்து இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கையில் குரல் இருந்தும் ஆள் தொலைந்தவர்தான்.

1902 நவம்பர் மாதம், கல்கத்தா. கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் லண்டனிலிருந்து வந்து ஒரு ஓட்டலில் கருவிகளைப் பரப்பியிருக்கிறார். பாட வந்தவர் கௌஹர் ஜான். அப்போது மைக்ரோபோன் கிடையாது, மின்சாரப் பதிவு 1925-ல்தான் வந்தது. சுவரிலிருந்து ஒரு பெரிய கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் அதற்குள் முகத்தைக் கொடுத்து உரக்கப் பாட வேண்டும். குரலின் அழுத்தம் ஒரு தகட்டை அதிர வைக்கும், தகட்டோடு சேர்ந்த ஊசி மெழுகில் கோடு கீறும். மூன்று நிமிஷம், அதற்குள் முடித்தாக வேண்டும். மணிக்கணக்காக விரியும் ராகத்தை மூன்று நிமிஷத்துக்குள் கட்டிப்போட அந்தப் பெண்கள் கற்றுக்கொண்ட விதம் பெரிய சாமர்த்தியம். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

அந்தத் தட்டின் கடைசி விநாடிகள்தான் எனக்கு முக்கியம். பாட்டு முடிந்ததும், மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல், கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்கிறார். ஏன் என்றால், மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவர் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கேதான் பிரதி அச்சாகும். அங்கே உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறவருக்கு இந்துஸ்தானியும் தெரியாது, தமிழும் தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று அவர் குழம்பாமல் இருக்கப் பாடுகிறவரே பெயரைச் சொல்லிவிட வேண்டும். பழைய தென்னிந்தியத் தட்டுகள் சிலவற்றிலும் இந்த வழக்கம் காதில் விழும். வியாபாரத்துக்காக வந்த ஏற்பாடுதான். ஆனால் லேபிள் கிழிந்தாலும், உறை தொலைந்தாலும், நூறு வருஷம் கழித்துப் பரணில் அனாதையாகக் கிடைத்தாலும், ஊசியை வைத்தால் அந்தத் தட்டு தான் யார் என்று சொல்லும். ஆவணக் காப்பகத்துக்காரர்கள் இத்தனை வருஷமாகப் போராடிச் செய்கிற காரியத்தை அந்தப் பாடகிகள் இரண்டு விநாடியில் முடித்துக்கொடுத்துவிட்டார்கள்.

எல்லாப் பெயர்களும் அப்படி நிற்கவில்லை. அதே தலைமுறையில் கோயம்புத்தூர் தாயி என்று ஒரு பாடகி. பெரிய சென்னைப் பாடகி, கிராமபோனில் நிறையப் பாடியிருக்கிறார். மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவர் குரலில் கிறங்கிப்போய், அதை மனத்தில் வைத்து 'ராகமாலிகா' என்று ஒரு படைப்பை எழுதினார். எங்கோ பாரிசில் நம்மூர்ப் பெண்ணொருத்தியின் கமகத்தைப் பிடிக்க ஒருவர் பாடுபட்டிருக்கிறார். அந்தப் பெண்ணின் இயற்பெயர் பழனிக்குஞ்சரம். தட்டின் லேபிளில் ஊர் இருக்கிறது, தாயி இருக்கிறது, பழனிக்குஞ்சரம் இல்லை. தமிழிசை வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் எனக்கு மனவருத்தம் தருகிறது. பாடியவர்களின் குலமும் தொழிலும் பார்த்து அவர்களை ஒதுக்கிய காலம் அது. அந்த ஒதுக்கலையும் மீறி அவர்கள் குரலைக் காப்பாற்றிக் கொடுத்தது இசைத்தட்டுதான்.

கம்பெனிக்காரர்கள் விற்பதற்காகப் பதிவு செய்தார்கள். அதிகாரிகள் வேறு காரணத்துக்காகச் செய்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கே. ரங்காச்சாரி அவருக்குத் துணை. அளவுகோலால் மண்டையையும் மூக்கையும் அளந்த அதே ஆய்வில், ஃபோனோகிராப் வைத்துப் பழங்குடிகளின் பாட்டையும் பதிந்தார்கள். அங்கே பாடுகிறவர் ஒரு மனிதராக நிற்கவில்லை. இன்ன சாதிக்கு ஒரு மாதிரி, இன்ன மலைக்கு ஒரு மாதிரி என்று நின்றார். மூக்கின் நீளத்துக்கு அடுத்த பத்தியில் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரியர்சன் என்ற அதிகாரி நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பு பெரிய முயற்சி. சென்னை மாகாணம் அந்தக் கணக்கெடுப்பின் நேரடி எல்லைக்குள் வரவில்லை. ஆனால் அதையொட்டி நடந்த கிராமபோன் பதிவில் சென்னை மாகாண மொழிகளும் இடம்பெற்றன. 1913 முதல் 1929 வரை நாடெங்கும் 200-க்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. தமிழும் உண்டு. பேசச் சொன்னது என்ன தெரியுமா? பைபிளில் வரும் ஊதாரி மைந்தன் கதை. ஒப்பிட வசதியாக எல்லா மொழிக்காரரும் அதே கதையைத் தம் பேச்சில் சொல்ல வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையச் சேகரிப்பில் இன்று யார் வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம்.

கேட்டுப் பாருங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நூறு வருஷத்துக்கு முந்தைய பேச்சில் வாக்கியத்தின் முடிவில் குரல் எங்கே இறங்குகிறது, ழகரம் எப்படி ஒலிக்கிறது, கதை சொல்லும்போது 'அப்பறம்' போடுகிறார்களா என்றெல்லாம் கேட்கலாம். எந்த இலக்கண நூலும் அதைச் சொல்லித் தராது. ஆனால் அந்த மனிதர் தன் வாயால் தன் கதையைச் சொல்லியிருந்தால்! அப்பனிடம் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன யாரோ ஒருவனின் கதையைச் சொல்லாமல், தன் ஏரியைப் பற்றி, தன் ஊர்ப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசச் சொல்லியிருந்தால் நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்!

அப்படித் தன் கதையைச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் சொன்ன இடம் சிறை முகாம். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப் ஊரில் 'பிறைநிலா முகாம்' என்ற இடத்தில் அடைக்கப்பட்டிருந்தார்கள். வில்ஹெல்ம் டேகன் என்பவர் தலைமையில் ஒரு குழு, 1915 முதல் 1918 வரை, கைதிகள் முகாம்களுக்குப் போய் நூற்றுக்கணக்கான மொழிகளையும் வழக்குகளையும் பதிவு செய்தது. 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாயைக் கூம்பின் முன்னால் நிறுத்தினார்கள். அவர் தன்னை 'ஒரு ஆள்' என்று வெளியில் வைத்துப் பேசுகிறார். அந்த ஆள் ஊரில் வெண்ணெய் தின்று வளர்ந்தான், ஐரோப்பியச் சண்டைக்கு வந்தான், ஜெர்மன்காரனிடம் சிக்கிக்கொண்டான், ஊருக்குப் போக ஆசைப்படுகிறான். அவ்வளவுதான் பேச்சு. மொழி ஆய்வுக்காகப் பிடித்த குரல் மனுவாக மாறிவிட்டது. பெயரும் தேதியும் ஊரும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததால்தான் அந்த மனு அனாதையாகவில்லை. ஃபிலிப் ஷெஃப்னர் என்ற இயக்குநர் 2007-ல் அந்தக் குரலைத் தேடிப் படமே எடுத்தார். நம் வேலூர்ப் பக்கத்திலும் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போன ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். போனவர்களின் பெயர் கல்லில் இருக்கும், பதக்கத்தில் இருக்கும். பேச்சு?

எழுத்தில் மட்டும் சேகரித்தவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய நாட்டுப்பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் 'மலையருவி' என்று பதிப்பித்துத் தராமல் போயிருந்தால் எத்தனையோ பாட்டு மண்ணாகியிருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு நடவுப் பாட்டைப் பாடிக் காட்டுங்கள் என்றால் நமக்கு மெட்டு தெரியாது. குனிந்த முதுகோடு பாடும்போது மூச்சு எங்கே அறுபடும், பின்வரிசைப் பெண்கள் எந்த இடத்தில் வாங்கிப் பாடுவார்கள் என்பது தெரியாது.

இனி ஒரு நல்ல காரியத்தைச் சொல்கிறேன். ஆர்னால்ட் பாகே என்ற டச்சுக்காரர் 1938-ல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகப் பகுதிகளில் சுற்றி, ஆட்டத்தையும் பாட்டையும் படமாகவும் ஒலியாகவும் பிடித்தார். 1984-ல் நசீர் அலி ஜெய்ராஸ்பாய், எமி கேட்லின் என்ற இரண்டு இசை ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு அதே ஊர்களுக்கு வந்தார்கள். பாகே நின்ற இடத்தைத் தேடி, அங்கே இருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டி, இப்போது எப்படிச் செய்கிறீர்கள் என்று மறுபடி பதிவு செய்தார்கள். எது நின்றிருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள். ஒரு குரலை அதன் சொந்த ஊரில் திரும்ப ஒலிக்கவிட்டால்தான் அது யாருடையது, என்ன பாட்டு, ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் வெளியே வரும். 1982-ல் தொடங்கி இப்போது குர்காவ்னில் இயங்கும் இசையியல் ஆவணக் காப்பகம் வெளிநாடுகளில் கிடந்த இந்தியப் பதிவுகளின் பிரதிகளைத் திரும்பக் கொண்டுவருவதையே தன் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்து வைத்ததிலிருந்து பிறந்த அந்த நூலகத்தில் நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் பழைய இசைத்தட்டுகளையும் பார்க்கலாம். மாணவர்கள் சென்னைக்குப் போகும்போது ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

நெமிலி என்ற பெயர் இசைத்தட்டு உலகத்துக்குப் புதிதில்லை. சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பக்திப் பாடல்களில் சிலவற்றை எழுதியவர் நெமிலி எழில்மணி. கூம்பு ஸ்பீக்கர் கட்டிய கோயில்களில் எல்லாம் காலை ஐந்து மணிக்கு அந்த வெண்கலக் குரல் கேட்டுத்தான் நம் தலைமுறை கண் விழித்தது. பாட்டெழுதியவர் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரும் சேர்ந்து பயணம் போனது. ஊரைப் பார்த்தே இராதவர்களும் நெமிலி என்று படித்திருப்பார்கள்.

அது கம்பெனி வெளியிட்ட சரக்கு, எங்காவது பத்திரமாக இருக்கும். எனக்குக் கவலையெல்லாம் உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் இருப்பதைப் பற்றித்தான். எண்பதுகளில் டேப் ரிக்கார்டர் வீட்டுக்கு வீடு வந்தது. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு மைக் செட் போடுகிறவர் ஆம்ப்ளிபயரிலிருந்து ஒரு வயரை இழுத்து டேப்பில் கொடுப்பார். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், கடைசி நாள் படுகளம். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு ஏழெட்டு கேசட் பிடிக்கும். கேசட்டின் மேல் பால்பாயிண்ட் பேனாவில் 'கூத்து 3' என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான் விவரம்.

அப்படி ஒரு கேசட் என் கைக்கு வந்தது. எந்த ஊர், எந்த வருஷம், எந்தக் கூத்து ஜமா (குழு), ஒன்றும் தெரியாது. போட்டுக் கேட்டேன். கூத்து தொடங்குவதற்கு முன்னால் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. 'பயணங்கள் முடிவதில்லை' படத்துப் பாட்டு. அந்தப் படம் வந்தது 1982-ல். ஆக, பதிவு அதற்கு முந்தையது இல்லை. பிறகு மேளக்கட்டு. முகவீணையின் கூர்மையான சத்தம் ஆர்மோனியத்துக்கு மேலே ஏறி நிற்கிறது. முகவீணை வாசிக்க ஆள் கிடைக்காமல் பல ஜமாக்கள் திண்டாடும் இந்தக் காலத்தில் அந்த வாசிப்பைக் கேட்கவே அந்த கேசட் தகும். நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி அன்பளிப்பு வாசிக்கிறார். இன்னார் மகன் இன்னார், கர்ணன் வேஷத்துக்கு ஐந்து ரூபாய். இன்ன கம்பெனியில் வேலை பார்க்கும் இன்னார், பத்து ரூபாய். இன்னொரு இடத்தில் ஒரு குழந்தை காணவில்லை என்று அறிவிப்பு. பின்னாலேயே கிடைத்துவிட்டது என்றும் அறிவிப்பு. கடைசியில் ஜமாவின் விலாசம் சொல்கிறார்: ஊர், தாலுகா, வட ஆற்காடு மாவட்டம். வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. பழக்கத்தில் பழைய பெயரையே சொல்கிறவர்கள் பிறகும் இருந்தார்கள் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எண்பதுகளில் வைக்கலாம்.

இதை டிஜிட்டலாக மாற்றிக்கொடுத்த ஒரு இளைஞர், அந்த அறிவிப்புகளையெல்லாம் இடைஞ்சல் என்று வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வெட்டாதீர்கள் என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன். கர்ண மோட்சத்தின் விருத்தம் வேறு கேசட்டிலும் கிடைக்கும், அச்சுப் புத்தகத்திலும் கிடைக்கும். தோல் கம்பெனியில் வாங்கிய கூலியிலிருந்து பத்து ரூபாயைக் கர்ணனுக்குக் கொடுத்த ஒருவர் இருந்தார் என்பதற்கு உலகத்திலேயே அந்த ஒரு சாட்சிதான் உண்டு. யார் கூத்தைத் தாங்கிப் பிடித்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, எந்தத் தெருக்காரர் பெயர் வாசிக்கப்பட்டது, எந்தத் தெருக்காரர் பெயர் கடைசிவரை வரவே இல்லை என்பதெல்லாம் அந்த இடைஞ்சலில்தான் இருக்கிறது.

கூத்தில் வேஷம் வெளியே வரும்போது என்ன நடக்கிறது என்று இங்கே இருக்கும் கூத்து வாத்தியார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்கிறான். காலில் சலங்கை, தோளில் புஜகட்டை, தலையில் கிரீடம். பார்க்கிற குழந்தைக்குக்கூட அவன் யார் என்று தெரியும். இருந்தாலும் கட்டியக்காரன் கேட்காமல் விடமாட்டான். யார் ஐயா நீங்கள், பேரென்ன, ஊரென்ன, எந்த வம்சம்? ராஜா பாட்டாகவும் வசனமாகவும் பதில் சொன்ன பிறகுதான் மேற்கொண்டு கதை நகரும். எவ்வளவு பெரிய ராஜாவாக இருந்தாலும் பேரும் ஊரும் சொல்லாமல் களரிக்குள் காலெடுத்து வைக்க முடியாது. ஹனோவர் தொழிற்சாலைக்காகப் பாடகிகள் செய்ததும், பெர்லின்காரர்கள் தாளில் எழுதி வைத்ததும் இதே காரியம்தான். நாம் நம்முடைய கூத்தையே பதிவு செய்யும்போது மட்டும் கட்டியக்காரன் கேள்வியை நாமே கேட்காமல் விட்டுவிட்டோம்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் கட்டைக்கூத்துச் சங்கத்தை நடத்தி, கலைஞர்களை ஒன்று சேர்த்து, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆட்டங்களையும் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் மரபு அறியப்பட்டிருக்கிறது. மற்ற ஊர்களில், பெயர் வெளியே தெரியாத ஜமாக்களின் குரல் அந்தந்த ஊர் பீரோக்களில்தான் இருக்கிறது.

கூத்தோடு நின்றுவிடாதீர்கள். இது தோல் பதனிடும் சீமை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. குரோமியம் வருவதற்கு முன்னால் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலை ஊறவைத்த காலம் ஒன்று இருந்தது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்கள், மயிர் வழித்தவர்கள், சதை சீவியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். தோல் பதமாகிவிட்டதா என்று அவர்கள் தொட்டும் மடித்தும் மோந்தும் சொன்னார்கள். அந்த ஞானத்துக்கு ஒரு தனிப் பேச்சு உண்டு. தமிழும் தக்கனி உருதுவும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும் பேச்சு அது. 1996-ல் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றிச் சொன்ன தீர்ப்பு அச்சில் இருக்கிறது, வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். குழியில் நின்றவர் அதே காலத்தைப் பற்றி என்ன சொல்வார் என்பது எங்கே இருக்கிறது? அவர் குரலில் மட்டும்தான். அவருக்கு எண்பது வயது.

வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பியதும் இங்கே பல வீடுகளுக்கு நினைவிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளை பேசி அனுப்புவான். தாய் பேசுவதைப் பக்கத்து வீட்டுப் பையன் பதிந்து அனுப்புவான். அதற்கு மேலேயே மறுபடி பதிந்து அனுப்பியதால் பெரும்பாலும் அழிந்திருக்கும். ஒன்றிரண்டு தப்பியிருந்தால், அதை வெளியில் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குடும்பத்துக்குள்ளேயே காப்பாற்றுங்கள். ஒப்பாரிக்கும் இதே மாதிரிதான். துக்க வீட்டில் போனை நீட்டிப் பதிவு செய்வது அழகல்ல. பாடத் தெரிந்த அம்மாவிடம் வேறொரு நாள் போய், சம்மதம் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிட வேண்டும்.

கடைசியாகக் கைவேலை பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காலம் குறைவு. கேசட் நாடா என்பது பிளாஸ்டிக் சுருளில் இரும்புத் துரு போன்ற காந்தப் பொடியைப் பசை வைத்து ஒட்டியது. நம் ஊர் ஈரத்தில் அந்தப் பசை நெகிழ்ந்துபோகும், பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், நாடா அறுந்துவிடும். நன்றாக இருக்கும் கேசட்டை முதலில் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்திவிட்டு, நல்ல பிளேயரில் ஒரே ஒரு தடவை ஓட்டிக் கணினிக்கு மாற்றுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக, 24 பிட்டில் வையுங்கள். இரைச்சலைக் குறைப்பது, வெட்டுவது எல்லாம் இன்னொரு பிரதியில் செய்துகொள்ளுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல் கேசட்டை அடுக்காதீர்கள், காந்தம் அதைத் தின்றுவிடும்.

புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் போனை ஆன் செய்தவுடன் முதலில் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்: இன்று இன்ன தேதி, இது இன்ன கிராமம், பேசப் போகிறவர் இன்னார், பதிவு செய்கிறவர் இன்னார். கோப்பின் பெயர் மாறலாம், போன் தொலையலாம், சொன்னது குரலோடு ஒட்டியே இருக்கும். மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நாற்பது வருஷத்துக்குள் நெமிலி வட ஆற்காட்டில் இருந்தது, வேலூரில் இருந்தது, 2019 முதல் ராணிப்பேட்டையில் இருக்கிறது. கிராமத்தின் பெயரையும் கோயிலின் பெயரையும் சொன்னால் எந்தக் காலத்திலும் கண்டுபிடித்துவிடலாம்.

பழைய கேசட்டுக்குப் பெயர் போடும் வேலைக்கு நீங்கள் என்னைத் தேட வேண்டாம், பல்கலைக்கழகத்தையும் தேட வேண்டாம். உங்கள் ஊரில் எண்பதுகளில் மைக் செட் வைத்திருந்தவர் யார் என்று விசாரியுங்கள். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேசட்டைப் போடுங்கள். பக்கத்தில் ஒரு பழைய வாத்தியாரும் இருந்தால் நல்லது. முதல் விருத்தத்திலேயே இது இன்னார் குரல், பின்பாட்டு இன்னார், டோலக்கு இன்னார் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். கூத்து 3 இருந்தால், கூத்து 1, 2 யார் வீட்டில் இருக்கும் என்று அவரிடமே கேட்டுவிட்டு, நேரே அந்த வீட்டுக்குப் போங்கள்.